அஸ்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மோதும் இரண்டு கேலக்ஸிகள்: வேலூர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி?

தொலைநோக்கி வாங்கிய புதிதில் எல்லோரும் முதலில் நிலாவைப் பார்ப்பார்கள். அப்புறம் வியாழன், சனி, ஓரியன் நெபுலா. அதற்கு மேல் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றை ஒன்று இழுத்துக் குலைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி கேலக்ஸியை (நம் பால்வெளி போன்ற பெரும் விண்மீன் திரளை) தேடிப் பிடியுங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இதற்கு மிகவும் தோதான ஒரு ஜோடி வானத்தில் இருக்கிறது. ஆண்டெனா கேலக்ஸிகள் என்று பெயர். வான்பொருள் பட்டியலில் என்.ஜி.சி. 4038, என்.ஜி.சி. 4039. வில்லியம் ஹெர்ஷல் 1785-இல் கண்டுபிடித்தவை.

நமக்குத் தோது என்று சொல்லக் காரணம் அட்சரேகை. வேலூர் ஏறத்தாழ 13 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது. இந்த ஜோடி வானநடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போடும் கற்பனைக் கோடு) தெற்கே 19 பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சிக்கோட்டை (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோடு) கடக்கும்போது நமக்கு அது தெற்கே 58 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் இருப்பவருக்கு அதே ஜோடி 20 பாகைகூட ஏறாது. அடிவானத்துத் தூசிக்கும் புகைக்கும் நடுவே அதைத் தேட வேண்டும். மேல்நாட்டு வழிகாட்டிகள் பலவும் இதைக் 'கடினமான பொருள்' என்று ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் அப்படி ஒதுக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு இன்னொரு ஜோடி இருக்கிறது: எம் 51, அதன் துணைக் கேலக்ஸி என்.ஜி.சி. 5195. இது வடக்கில் 56 பாகை உயரம் வரை ஏறும். ஆண்டெனாவைவிடப் பிரகாசமானது, கண்டுபிடிக்கவும் சுலபம். இந்த இரண்டு ஜோடிகளையும் ஒரே இரவில் பார்க்கும்படிதான் கீழே சொல்லியிருக்கிறேன்.

அங்கே நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) கண்ணை வைத்தால் மங்கலான இரண்டு திட்டுகளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று எழுந்துவிடுவீர்கள்.

இரண்டு கேலக்ஸிகள் நெருங்கி வரும்போது, ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் அருகுப் பக்கத்தை அதிகமாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. கடலில் ஓதம் (நீர்மட்ட ஏற்றம்) எழுவதும் இதே காரணத்தால்தான். இந்த வித்தியாசத்தால் தட்டு போன்ற கேலக்ஸி நீண்டு, விளிம்பிலிருக்கும் விண்மீன்களும் வாயுவும் நெடிய வால்களாக வெளியே வீசப்படுகின்றன. 1972-இல் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் இதைக் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் எம் 51-உம் உண்டு, ஆண்டெனாவும் உண்டு. படங்களில் பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டு பக்கமும் வளைந்து நீளும் வால்களால்தான் இந்த ஜோடிக்கு அப்பெயர் வந்தது. மோதல் என்று சொன்னாலும் விண்மீனும் விண்மீனும் முட்டிக்கொள்வது அபூர்வம், அவற்றுக்கு இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது. முட்டிக்கொள்வது வாயு மேகங்கள்தான். அவை நசுங்கும் இடங்களில் புதிய விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கின்றன. ஆண்டெனாவின் நடுப்பகுதி முழுக்க அப்படிப்பட்ட இளம் கொத்துகள்.

தூரம் 6.5 முதல் 7 கோடி ஒளியாண்டு என்பது இன்று பலரும் ஏற்கும் கணக்கு. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஏறக்குறைய அந்தக் காலத்தில் கிளம்பிய ஒளிதான் உங்கள் கண்ணில் வந்து விழப்போகிறது.

எந்தத் தொலைநோக்கி

ஆண்டெனாவுக்கு 6 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி; அங்குலம் என்பது கண்ணாடியின் அகலம்) குறைந்தபட்சம், 8 அங்குலம் நல்லது. ஒவ்வொரு கேலக்ஸியும் பத்தரைப் பொலிவெண்ணை ஒட்டியது. பொலிவெண் என்பது பிரகாசத்தைக் குறிக்கும் எண், அது கூடக்கூட மங்கல் என்பதை நினைவில் வையுங்கள். வெறுங்கண்ணுக்கு எட்டுவது நல்ல இருட்டில் ஆறு வரை. எம் 51-இன் பொலிவெண் 8.4, துணையின் பொலிவெண் 9.6. ஆகவே அந்த ஜோடி 3 அங்குலத் தொலைநோக்கியிலேயே, இருட்டான இடத்தில், இரண்டு தனித்தனித் திட்டுகளாகத் தெரிந்துவிடும்.

ஐபீஸ் இரண்டு போதும். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள டாப்சோனியனில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு காட்டும், ஒரு பாகை அகல வானம் தெரியும். தேடுவதற்கு அது. 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கு. உட்கார்ந்து பார்ப்பதற்கு அது. ஃபில்டர் எதுவும் வாங்க வேண்டாம். நெபுலாவுக்கு உதவும் ஃபில்டர்கள் கேலக்ஸியின் ஒளியையும் சேர்த்துக் குறைத்துவிடும். அந்தப் பணத்தை இருட்டான இடத்துக்குப் போகும் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைண்டரை (குறிபார்க்க உதவும் சிறு துணைத் தொலைநோக்கியை) வீட்டிலேயே பகலில் சரிசெய்துவிடுங்கள். தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியில் நடுவில் கொண்டுவந்து, அதே உச்சி ஃபைண்டரின் குறுக்குக்கோட்டில் விழும்வரை திருகாணிகளைத் திருப்பினால் முடிந்தது. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

எப்போது

பங்குனி, சித்திரைதான் காலம். மார்ச் மூன்றாம் வாரத்தில் ஆண்டெனா நள்ளிரவு தாண்டி உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவில் இரவு பத்தரை மணி வாக்கில், மே நடுவில் எட்டே முக்கால் வாக்கில். எம் 51 அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வரும்.

தினசரி காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாட்கள் நமக்கு உரியவை. நிலவு எவ்வளவு கெடுக்கும் என்பதற்குப் பஞ்சாங்கமே சாட்சி. பங்குனி உத்திரத்தன்று முழுநிலவு உத்திரத்தை ஒட்டி நிற்கும்; சித்ரா பௌர்ணமியன்று சித்திரையை ஒட்டி நிற்கும். அஸ்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் நட்சத்திரம். ஆண்டெனா இருப்பது அஸ்தத்துக்குப் பக்கத்தில். ஆகவே அந்த இரண்டு பௌர்ணமிகளும் இந்த ஜோடியைப் பார்க்க ஆண்டிலேயே மோசமான இரவுகள். கோயிலுக்குப் போய்விடுங்கள்.

நம் பக்கத்து வானிலையைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். பிப்ரவரியிலேயே பார்க்க ஆசைப்படுபவர்கள் பின்னிரவு இரண்டரை மணிக்கு எழ வேண்டும். ஏப்ரல் பாதிக்கு மேல் வெயில் ஏறி, வானம் வெளுத்துத் தூசியாகிவிடும். மாலையில் இடிமழையும் வரும். ஆனால் அந்த மழை பெய்து ஓய்ந்து மேகம் விலகிய இரவு அமைந்தால் விடாதீர்கள். தூசியெல்லாம் கழுவிப்போன வானம் அது. என் கணிப்பில் மார்ச் மாதத்து நல்ல இரவையும் அது மிஞ்சும்.

எங்கே

வேலூர் நகர மாடியிலிருந்து ஆண்டெனாவைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை எதுவானாலும் அதே கதைதான். பாலாற்றை ஒட்டி வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், தோல் தொழிற்சாலைகளும், ஊர்களும் சேர்ந்து ஒரே வெளிச்சப் பட்டையாகிவிட்டன. அதிலிருந்து விலக வேண்டும்.

விலகுவதென்றால் தெற்கே, ஜவ்வாது மலைப் பக்கம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள அமிர்தி மலையடிவாரமே நகரத்தைவிட எவ்வளவோ மேல். மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இன்னும் இருட்டு. இந்தத் திசையைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது: நகர வெளிச்சம் உங்களுக்கு வடக்கே முதுகுப்பக்கம் போய்விடும், ஆண்டெனா இருக்கும் தெற்கு வானம் இருட்டாகக் கிடைக்கும். ஏலகிரியில் தங்கும் விடுதிகளின் விளக்குகள் கூடிவிட்டதால் அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

இந்த மலையின் வானம் நல்லது என்பதை நமக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் ஆலங்காயம் அருகேயுள்ள காவலூர். 1960-களின் இறுதியில் ஒரு 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது, ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம். வட ஜோடியையும் தென் ஜோடியையும் ஒரே இரவில் பார்க்கும் நம் திட்டமும் அதே காரணத்தால்தான் சாத்தியமாகிறது. அந்தப் பக்கம் இரவில் வண்டியில் போகிறவர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போங்கள். அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும்.

காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் இரவு தங்கக் கூடாது. ஊர்ப் பக்கமாக, தெரிந்தவர் நிலத்திலோ பள்ளி மைதானத்திலோ, ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு இடம் பிடியுங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டாக இருக்கிறதே என்று அங்கே போய்த் தனியாக நிற்காதீர்கள். எங்கே போனாலும் இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், உட்காருமுன் தரையைச் சிவப்பு விளக்கால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இருட்டுக்குக் கண்ணைப் பழக்குவது

மொத்த வேலையில் இதுதான் பெரிய பங்கு. தொலைநோக்கியின் விலையைவிட இது முக்கியம்.

சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் வானம் முழுதாக இருட்டும். அதற்குள் தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுங்கள். பகலெல்லாம் வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து இறக்கிய கண்ணாடி சூடாக இருக்கும். குறைந்தது நாற்பது நிமிடமாவது ஆறினால்தான் பிம்பம் நிலைக்கும். கண்ணாடி ஆறும் அதே நேரத்தில் கண்ணும் பழகட்டும். அதற்கும் இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். இடையில் ஒரே ஒரு தடவை செல்போனைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்துவந்து, சிவப்பு செலோபேன் ஒட்டிய டார்ச்சில் பாருங்கள்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விளையும் ஒரு கொல்லை ஓரத்தில் நாங்கள் சிலர் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லூரிப் பையன் ஒருவன் ஐபீஸில் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்று எழுந்தான். அப்போது நிலத்துக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் டார்ச் இல்லை, வெறும் விண்மீன் வெளிச்சத்திலேயே வரப்பில் நடந்து வந்திருந்தார்.

"இன்னா தம்பி பாக்கறீங்க?"

"வந்து பாருங்கய்யா. நடுவுல மங்கலா ஏதாவது தெரியுதான்னு சொல்லுங்க."

குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு கீது. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிக்கினு கீது" என்றார். எத்தனை தெரியும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பையன் அதற்குச் சற்று முன்புதான் போனில் செயலியைத் திறந்து திசை பார்த்திருந்தான். தொலைநோக்கி ஒன்றுதான், வானமும் ஒன்றுதான், கண் மட்டும் வேறு. அரை மணி நேரம் போனைப் பையில் போட்டுவிட்டு அவனும் பார்த்தான், அவனுக்கும் தெரிந்தது.

இரண்டாவது பயிற்சி ஓரப்பார்வை. விழித்திரையின் மையம் மங்கல் ஒளிக்கு அவ்வளவாக உதவாது. மையத்தை விட்டு விலகிய பகுதிதான் உதவும். ஆகவே பொருளை நேராகப் பார்க்காமல் பார்வையை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. வலக்கண்ணால் பார்க்கிறீர்கள் என்றால் பார்வையைப் பொருளுக்கு வலப்பக்கம் கொண்டுபோங்கள், இடக்கண் என்றால் இடப்பக்கம். தலைமேல் ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டால் பக்கவாட்டு வெளிச்சம் வராது. திட்டு தெரிகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையும் மங்கல் பொருளைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

முதலில் எம் 51

ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரைக்கு வடக்கு நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் தலைகீழாக, வால் வலப்பக்கம் நீண்டிருக்கும். வாலின் நுனியில் இருப்பவர் மரீசி. அவருக்கு முந்தியவர் வசிஷ்டர், பக்கத்திலேயே அருந்ததி. கல்யாணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அதே அருந்ததிதான்.

வசிஷ்டரிலிருந்து மரீசிக்கு மனத்தில் ஒரு கோடு போடுங்கள். மரீசியில் நின்று, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, வால் வளைவின் உட்பக்கம் திரும்புங்கள். வசிஷ்டர்–மரீசி தூரத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல் தூரம் போனால் அங்கே எம் 51. ஃபைண்டரில் வழியை ஒட்டி, மரீசியிலிருந்து இரண்டு பாகை தள்ளி, ஐந்தாம் பொலிவெண்ணை ஒட்டிய ஒரு விண்மீன் தெரியும். அதிலிருந்து இன்னொரு இரண்டு பாகை.

25 மி.மீ. ஐபீஸில் இரண்டு ஒளித்திட்டுகள் தெரியும். பெரியது எம் 51, சிறியது என்.ஜி.சி. 5195. சிறியதன் ஒளி நடுவில் குவிந்திருப்பதால் முதல் பார்வைக்கு இரண்டும் சமமான பிரகாசம் போலத் தோன்றும். 10 மி.மீ. ஐபீஸை மாற்றிப் போட்டு, பெரியதன் மையத்தைச் சுற்றியுள்ள மங்கல் ஒளி எவ்வளவு தூரம் விரிகிறது என்று ஓரப்பார்வையில் கவனியுங்கள். அந்த ஒளி சிறியதன் ஒளியைத் தொடுகிறதா? 8 அங்குலத்தில் நல்ல இருட்டில் தொடுவது தெரியும். பெரியதன் சுருள்கை ஒன்று துணையை நோக்கி நீண்டு, நம் பார்வைக்கு அதன் முன்னால் கடந்து போகிறது. துணை சற்றுப் பின்னால் இருக்கிறது.

சுருளை 1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு முதன்முதலில் கண்டு வரைந்தார். அவருடைய கண்ணாடி 72 அங்குலம். 8 அங்குலத்தில் மேகமூட்டம் போன்ற ஒளியில் எங்கோ ஒரு ஏற்ற இறக்கம் உணரலாம். 10, 12 அங்குலத்தில் இருட்டான மலைவானத்தில் சுருள் உறுதியாகத் தெரியும். முதல் இரவில் அதற்காகப் போராட வேண்டாம். இரண்டு மையங்களும் அவற்றுக்கு இடையே உள்ள இடமும் பிடிபட்டால் போதும்.

இனி ஆண்டெனா

பத்தரை மணிக்குத் தெற்கே திரும்புங்கள். சப்தரிஷியின் வால் வளைவை அப்படியே நீட்டினால் செம்மஞ்சள் நிறச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்ணீலச் சித்திரை. அதே வளைவில் இன்னும் கொஞ்சம் போனால் நான்கு விண்மீன்கள் சேர்ந்த கோணலான ஒரு நாற்கோணம். அதுதான் அஸ்தம். மேல்நாட்டார் காக்கை மண்டலம் என்று வைத்திருப்பது இதைத்தான்.

இங்கேயே வானத்தின் தரத்தைச் சோதித்துவிடலாம். நாற்கோணத்தின் கீழ்வலது மூலையிலிருந்து சற்றுக் கீழே நான்காம் பொலிவெண்ணில் ஐந்தாவது விண்மீன் ஒன்று இருக்கிறது. அஸ்தத்துக்கு ஐந்து விண்மீன், ஐந்து விரல் என்று சொல்வது அதையும் சேர்த்துத்தான். வெறுங்கண்ணில் அது தெரியவில்லை என்றால் இன்றைக்கு ஆண்டெனா வேண்டாம். எம் 51-ஐயே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தெரிகிறதென்றால், அடுத்தது மிகவும் சுலபமான ஒரு வழி. நாற்கோணத்தின் மேல்பக்கத்து இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருப்பது அல்கோராப், வலப்பக்கம் இருப்பது கீனா. இரண்டுக்கும் இடையே மூன்றரை பாகை. அல்கோராபிலிருந்து கீனாவுக்குப் போடும் கோட்டை, அதே தூரம், அதே திசையில் வலப்பக்கம் நீட்டுங்கள். கோடு முடியும் இடத்தில், மூன்றில் ஒரு பாகைக்கும் குறைவாக, ஒரு துளி கீழே ஆண்டெனா இருக்கிறது. 25 மி.மீ. ஐபீஸின் ஒரு பாகை அகலத்துக்குள் அது கட்டாயம் வந்துவிடும்.

சரியான இடத்தில்தான் இருக்கிறோமா என்று உறுதிசெய்ய 31 கிரேட்டரிஸ் என்ற விண்மீன் உதவும். பொலிவெண் 5.3, ஃபைண்டரில் பளிச்சென்று தெரியும். ஆண்டெனா அதற்கு வடக்கே, கொஞ்சம் கிழக்காக, முக்கால் பாகைக்குச் சற்றே மேல். தெற்கு நோக்கி நின்று வானத்தை நேரே பார்க்கும்போது வடக்கு என்பது மேல்பக்கம். ஆனால் டாப்சோனியனில் பிம்பம் தலைகீழாக இருக்கும், சாதாரண நேர்க்குழாய் ஃபைண்டரிலும் அப்படியே. இந்தக் குழப்பம் எல்லாப் புதியவர்களுக்கும் வரும். ஒரு வழி சொல்கிறேன்: வரைபடக் காகிதத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போய்விடும். மலைமேல் அருமையான இரவில் 31 கிரேட்டரிஸ் வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைய வானம் முதல் தரம்.

48 மடங்கில் முதலில் தெரிவது சிறிய, வட்டமில்லாத ஒரு மங்கல். பிரகாசமான பகுதியின் அகலம் நிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதை நடுவில் வைத்து 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறுங்கள். மடங்கு கூடும்போது பின்னணி வானம் இருண்டு, திட்டு பெரிதாகி, கண்ணுக்குச் சுலபமாகும். இனி அவசரப்பட வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சைப் பிடிக்காமல், இருபது நிமிடமாவது அங்கேயே இருங்கள்.

முதலில் வடிவம் பிடிபடும். முந்திரிப் பருப்பைப் போல வளைந்த வடிவம். ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கும். அந்த உள்வளைவு மேற்குப் பக்கம் திறந்திருக்கும். டாப்சோனியனில் கையால் தள்ளாமல் விட்டால் விண்மீன்கள் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகின்றனவோ அதுதான் மேற்கு. அப்புறம் வளைவின் இரண்டு பாகங்களும் தனித்தனிக் கட்டிகளாகப் பிரியத் தொடங்கும். வடக்கில் இருப்பது 4038, பெரியது, சற்றுப் பிரகாசமானது. தெற்கில் இருப்பது 4039, ஒடுங்கியது. அவை சேரும் கிழக்குப் பக்கம்தான் வாயு மேகங்கள் அடர்ந்து மோதும் இடம். 6 அங்குலத்தில் வளைவு மட்டும் தெரியலாம். 8 அங்குலத்தில் இரண்டு கட்டிகளும் இடையிலுள்ள இருளும் பிரியும். 10, 12 அங்குலத்தில் 4038-இன் ஒளியில் சில புள்ளிகள் துருத்திக்கொண்டு தெரியும். அவை பெரும் விண்மீன் பிறப்பிடங்கள்.

உணர்கொம்பு வால்கள்? அவை மிக மிக மங்கல். பெரிய தொலைநோக்கியும் மிக இருட்டான வானமும் வேண்டும். 8 அங்குலத்தில் அவற்றைக் கண்டேன் என்று சொல்பவரை நான் மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். படம் மனத்தில் இருப்பதால் கண் அதை நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் புதியவர்கள் கிளம்புமுன் புகைப்படங்களைப் பார்க்காமல் வருவது நல்லது என்று நினைக்கிறேன். முதலில் உங்கள் கண் என்ன சொல்கிறது என்று கேளுங்கள், படத்தை மறுநாள் பாருங்கள்.

வரைந்து வையுங்கள்

ஒரு சாதாரண நோட்டில் தேநீர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, முதலில் அந்த வட்டத்துக்குள் தெரியும் விண்மீன்களைப் புள்ளிவையுங்கள். பின் திட்டை மென்மையான பென்சிலால் தீட்டி, விரலால் தேய்த்து மங்கலாக்குங்கள். தேதி, நேரம், இடம், தொலைநோக்கி, ஐபீஸ், வானம் எப்படி இருந்தது, ஐந்தாவது விரல் தெரிந்ததா என்று ஓரத்தில் எழுதுங்கள். ஓவியத்திறமை தேவையில்லை. வரைய உட்கார்ந்தால் கண் மறுபடி மறுபடி ஐபீஸுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் முன்பு தெரியாத ஒன்று தெரியும். திட்டின் எந்த ஓரம் கூர்மை, எந்த ஓரம் கரைகிறது என்ற கேள்வி வரையும்போதுதான் எழும்.

இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் வரையுங்கள். முடிந்தபின் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பதை நம்பலாம்.

வேலையை முடித்துக் கட்டும்போது குழாய்க்குள் பனி படிந்திருந்தால் துடைக்காதீர்கள். மலையில் மார்ச் மாதத்திலும் பின்னிரவில் ஈரம் இறங்கும். மூடியைத் திறந்துவைத்தபடியே, குழாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வீட்டில் தானாக உலரவிடுங்கள்.

அடுத்த ஜோடிகள்

இந்த இரண்டும் கைவந்துவிட்டால் அதே பருவத்தில் இன்னும் சில ஜோடிகள் உண்டு. எம் 51 இருக்கும் அதே கேன்ஸ் வெனாட்டிசி மண்டலத்தில், சாரா என்ற விண்மீனுக்கு முக்கால் பாகைக்குள் வடமேற்கே என்.ஜி.சி. 4490, அதை உரசினாற்போல் சிறிய 4485. பெரியது 6 அங்குலத்திலேயே நீள்வட்டமாகத் தெரியும். சிறியதன் பொலிவெண் 12-ஐ ஒட்டியது என்பதால் அதற்கு 8 அங்குலமும் பொறுமையும் வேண்டும். கன்னி மண்டலத்தில் என்.ஜி.சி. 4567, 4568 என்று ஒரு முனையில் ஒட்டி, மறுமுனையில் விரிந்து நிற்கும் ஜோடி இருக்கிறது. கன்னியில் கேலக்ஸிகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் எது எது என்று அடையாளம் காண நல்ல வரைபடம் கட்டாயம். எம் 81, எம் 82 ஜோடி பிரகாசமானதுதான், ஆனால் நம் ஊரிலிருந்து வடக்கே 34 பாகைக்கு மேல் ஏறாது. ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் வேலூர் வெளிச்சம் இருக்கும் பக்கமும் அதுதான். அதை மட்டும் மார்ச் மாதத்தில், இரவு பத்து மணி வாக்கில், அடிவானம் தெளிவாக இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.